குளியலறையைப் பார்க்க வந்தவர்கள்

ஜனவரி 9

மச்சானுக்கு,

நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே சுகத்துக்குக் குறைச்சல், அதனால்தான் எழுதுகிறேன்.

போனில் நான் கத்துகிறேன் என்றீர்கள். எதுவானாலும் எழுதி அனுப்புங்கள், நிதானமாகப் படித்துப் பதில் போடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். சரி, கடிதத்தில் கத்த முடியாது. முடிந்தவரை முயற்சி செய்கிறேன்.

மாமாவுக்கு இடுப்பில் தகடு வைத்த அன்று வந்தீர்கள், பழம் வாங்கி வைத்தீர்கள், போனீர்கள். இடுப்பைச் சரிசெய்தாயிற்று. குளியலறை அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் வளர்ந்த வீடு, மறந்திருந்தால் சொல்கிறேன். வீட்டுக்குப் பின்னால், முழங்கால் உயரத்துக்கு ஒரு படி. ஏறி இறங்கினால் வழுக்கும் சிமெண்டுத் தரை. குந்தி உட்காரும் கோப்பை. பிடித்துக்கொள்ள சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. வாக்கர் அந்தக் கதவுக்குள் நுழையாது. நான் அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உள்ளே வைக்கிறேன். நடுவில் ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அவரும் திருப்பிக்கொள்கிறார். ஒரு காலத்தில் ஊர்க் கழிப்பறைகளையெல்லாம் சோதித்து அபராதம் போட்ட சுகாதார ஆய்வாளர் அவர்.

நான் பள்ளி வேன் ஓட்டப் போய்விட்டால் மதியம் வரும்வரை அவர் அடக்கிக்கொண்டு கிடக்க வேண்டும். அதனால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். போன வாரம் குளிர்காய்ச்சல். சிறுநீரில் கிருமி. டாக்டர் என்னைத்தான் திட்டினார். மாமா வரும் வழியில் சொன்னார்: "செத்துப்போறது பெருசில்ல மாப்பிள்ளை. அதுக்கு முன்னாடி ஒரு நாளாவது ஒண்ணுக்குத் தனியாப் போயிட்டு வரணும்."

கொத்தனார் பார்த்துவிட்டார். படியை உடைத்துச் சரிவாக்க வேண்டும், கதவை அகலப்படுத்த வேண்டும், உயரமான கோப்பை, சுவரில் கம்பி, வழுக்காத தரை. என் சம்பளத்துக்கு எட்டாது. பாதியை நீங்கள் கொடுங்கள். மாட்டேன் என்றால், நகராட்சி முதியோர் பிரிவில் இதற்கென்றே மானியம் இருக்கிறதாம், மனுப் போடுகிறேன்.

உங்கள் தங்கை இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை அவள் எழுதியிருப்பாள். உங்களுக்கும் உடனே பதில் போடத் தோன்றியிருக்கும்.

மாப்பிள்ளை

---

ஜனவரி 30

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். பெரியவளுக்குக் கல்லூரி, சின்னவனுக்குப் பல்லில் கம்பி. கம்பி போடும் செலவு எல்லா வீட்டிலும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தப் பழைய வீட்டில் இனி ஒரு செங்கல் வைப்பதும் வீண். வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருக்கிறேன், இதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வாடகை கொடுக்காமல் மாமனார் வீட்டில் இருக்கும் ஒருவருக்கு அந்த வீட்டை அழகுபடுத்தும் ஆசை வருவது இயற்கை. தங்கை போய் இரண்டு வருடமாகியும் நீங்கள் அங்கேயே இருப்பதைப் பற்றிப் பிறர் என்னிடம் கேட்கிறார்கள். நான்தான் சமாளிக்கிறேன்.

மானியம் கேட்பது உங்கள் இஷ்டம். ஆனால் வருகிறவர்கள் முன்னால் எங்கள் அப்பாவைக் கேட்பாரற்ற கிழவனாகக் காட்டாதீர்கள். அவர் தெருவில் இறங்கினால் ஹோட்டல்காரர்கள் எழுந்து நிற்பார்கள். அவருக்குத் தனியாக ஒரு சீட்டு வைத்திருக்கிறேன், பிரிக்காமல் கொடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும்.

மச்சான்

---

மார்ச் 2

மச்சானுக்கு,

உங்கள் சின்னவனின் பல் நேராகியிருக்கும் என்று நம்புகிறேன்.

ஆய்வுக்கு ஆள் வந்த கதையைக் கேளுங்கள். தேதி தெரிந்ததிலிருந்து மாமாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "இன்ஸ்பெக்ஷன்யா! சும்மா விடலாமா?" என்றார். என்னைச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். சுவரோரம் பிளீச்சிங் பவுடர் கோடு போடச் சொன்னார். பிடித்து எழ நான் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். ஓட்டை நாற்காலி பக்கத்து வீட்டுக்குப் போனது. "மாமா, கஷ்டத்தைக் காட்டினாத்தான் பணம் வரும்" என்றேன். "அசிங்கத்தை மறைச்சு வெக்கிறவன்தான்யா அபராதம் கட்டுவான். நம்ம வீட்டுல அசிங்கமே இல்லை" என்றார்.

வந்தது ஒரு இளம்பெண். மாமா வாக்கரை உள்ளே வைத்துவிட்டு இஸ்திரி போட்ட சட்டையில் வாசலில் நின்றார்.

"ஐயா, இந்தப் படி ஏற முடியுதுங்களா?"

"இது படியாம்மா? நான் மூணு மாடி ஏறி மொட்டைமாடி டாங்கைத் திறந்து பார்த்தவன்."

ஏறினார் மச்சான். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினார். காது சிவந்தது எனக்குத்தான் தெரிந்தது. நான் கை கொடுக்கப் போனேன், தட்டிவிட்டார். அந்தப் பெண்ணிடம், "குறை இருந்தா தயங்காம எழுதுங்க" என்றார். "ரொம்பச் சுத்தமா இருக்குங்க ஐயா" என்றாள். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவள் தெருமுனை திரும்பியதும் அப்படியே சரிந்தார். அதன்பின் பல நாள் படுக்கைதான்.

பதில் வந்துவிட்டது. கழிப்பறை நல்ல நிலையில் உள்ளது, மனுதாரர் பிறர் உதவியின்றி நடமாடுகிறார், மனு நிராகரிக்கப்படுகிறது.

சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் உங்கள் சீட்டு இருந்தது. "அப்பா, நீங்கள் யார் என்று அவர்களுக்குக் காட்டுங்கள்." காட்டிவிட்டார். திருப்தியா?

மாப்பிள்ளை

---

மார்ச் 20

மாப்பிள்ளைக்கு,

நலம். அப்பா படியேறியதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். அவருக்கு ஒன்றும் இல்லை, நீங்கள்தான் அவரை நோயாளியாக்குகிறீர்கள் என்று போனில் நான் சொன்னது சரியாயிற்று. அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டது.

ஒரு சின்ன வேலை. வீட்டுப் பத்திரத்தின் நகலும் கடைசியாகக் கட்டிய வரி ரசீதும் அனுப்புங்கள். வீட்டின் முகப்பு அகலம் எவ்வளவு என்று அளந்து எழுதவும். என் கோப்பில் வைத்துக்கொள்ளத்தான்.

அப்பாவுக்கு என் அன்பு.

மச்சான்

---

ஏப்ரல் 6

மச்சானுக்கு,

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். பத்திர நகல் உள்ளே இருக்கிறது. அகலம் அளக்க எனக்கு நேரமில்லை.

மேல்முறையீடு போட்டிருக்கிறேன். கவுண்டரில் இருந்தவர், "அதான் நல்லா நடக்குறாருன்னு எழுதியிருக்கே, அப்புறம் என்ன?" என்றார். "நல்லா நடிக்கிறாருங்க" என்றேன். சிரித்துவிட்டு மறு ஆய்வுக்குப் பதிந்துகொண்டார்.

ஆனால் ஒரு சிக்கல். வீடு காலமான அத்தை பெயரில் இருந்தது. இப்போது மாமாவுக்கும் உங்களுக்கும் பங்கு. உங்கள் தங்கை எழுதிவைத்தபடி அவள் பங்கு என் பெயரில். மூன்று பேரும் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். மானியத்தில் கட்டினால் ஐந்து வருடத்துக்கு வீட்டை விற்கக் கூடாது என்பதும் அந்தத் தாளில் இருக்கிறது. நாங்கள் இருவரும் போட்டுவிட்டோம். உங்கள் இடம் காலி. போட்டு அனுப்புங்கள். இது காசு இல்லை மச்சான், மை.

நேற்று வேன் பஞ்சராகி வீட்டுக்கு வர நேரமாகிவிட்டது. மாமா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தாள் தலைகீழாக இருந்தது. ஈரமான துணியைச் சுருட்டித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். நான் பார்க்காத மாதிரி சமையலறைக்குப் போய்விட்டேன்.

உடனே அனுப்புங்கள்.

மாப்பிள்ளை

---

மே 28

மாப்பிள்ளைக்கு,

அனைவரும் நலம். வேலை அதிகம், அதனால் தாமதம். நீங்கள் அனுப்பிய தாள் எங்கோ கலந்துவிட்டது, தேடுகிறேன்.

யோசித்துப் பார்த்தால் அதில் கையெழுத்துப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டுக்கடன் அதிகாரியின் அப்பா குளியலறைக்கு நகராட்சியில் கை ஏந்தினார் என்று நாளை யாராவது சொன்னால் என் முகம் என்னாகும்? மேலும் இப்படிப்பட்ட நிபந்தனைகளுக்குள் தலையைக் கொடுத்துவிட்டுப் பின்னால் வருத்தப்படக் கூடாது.

நான் சும்மா இருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இங்கிருந்து எனக்குத் தெரிந்த வழியில் அப்பாவுக்கு ஒரு ஏற்பாடு செய்துவருகிறேன். அடுத்த மாதம் வீட்டைப் பார்க்க ஒருவர் வருவார். நான் சொல்லித்தான் வருகிறார். மரியாதையாக எல்லாவற்றையும் திறந்து காட்டவும்.

மச்சான்

---

ஜூன் 17

மச்சானுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று இந்த முறை என்னால் எழுத முடியவில்லை.

உங்கள் ஆள் வந்தார். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "பார்த்தீங்களா, என் பையன் மேலிடத்துல சொல்லி வேற ஆய்வாளரை அனுப்புறான்" என்றார். நானும் நம்பினேன். முதல் முறையாக உங்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னேன். அந்த வார்த்தையைத் திருப்பித் தாருங்கள்.

"மாமா, இந்தத் தடவை நாம ஃபெயில் ஆகணும்" என்றேன். அவர் வாக்கரை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு, "நான் எத்தனை வீட்டுல நின்னு, திறந்து காட்டுன்னு அதட்டியிருப்பேன். இப்ப நான் காட்டுறேன்" என்றார்.

வந்தவர் கையில் டேப் வைத்திருந்தார். மாமா சட்டை போடவில்லை. வாக்கரோடு வந்து, அது கதவில் இடிப்பதைக் காட்டினார். பிறகு வாக்கரை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே நகர்ந்து, இரண்டு கையாலும் அந்தப் படியில் தன்னைத் தூக்கி வைத்து, உள்ளே இறங்கினார். நான் வீட்டில் இல்லாதபோது அப்படித்தான் போகப் பார்ப்பார் என்று எனக்கே அன்றுதான் தெரியும். உள்ளங்கை தேய்ந்திருந்ததைக் காட்டினார். நாற்காலியின் ஓட்டையைக் காட்டினார். "வழியிலேயே போயிடுதுங்க" என்று சொன்னார். உங்கள் அப்பா, ஒரு அன்னியனிடம், "போயிடுதுங்க" என்று சொன்னார் மச்சான்.

அந்த ஆளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "பெரியவரே, இதையெல்லாம் எதுக்கு எங்கிட்ட காட்டுறீங்க? நான் மனை அளக்க வந்தவன். எப்படியும் இடிக்கப்போற வீடுதானே?" என்றார்.

மாமா படிக்கு உள்பக்கம் இருந்தார். வெளியே வர வேண்டும். அந்த ஆள் ஒரு கை, நான் ஒரு கை பிடித்துத் தூக்கினோம்.

தாள் எங்கோ கலந்துவிட்டது என்றீர்களே. எதில் கலந்தது என்று இப்போது தெரிகிறது. எவ்வளவு முன்பணம் வாங்கினீர்கள்?

மாப்பிள்ளை

---

ஜூன் 25

உனக்கு,

மரியாதை கொடுத்தது போதும். என்னை மிரட்டி எழுத நீ யார்? என் அப்பாவை யாரோ ஒருவன் முன்னால் தவழவிட்டது நீ. நான் வீட்டைக் காட்டச் சொன்னேன், அவரைக் காட்டச் சொல்லவில்லை.

ஆமாம், வாங்கினேன். அதில் தவறு என்ன? நல்ல விலை. உனக்கும் பங்கு வரும், உன் வேன் வாழ்க்கையில் அப்படி ஒரு தொகையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டாய். அப்பாவுக்கு நல்ல முதியோர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறேன். சரிவுப் பாதை, கம்பி, உயரமான கோப்பை எல்லாம் அங்கே இருக்கிறது. நீ கேட்டதெல்லாம் இருக்கிறது, இன்னும் என்ன?

உன் கையெழுத்து வேண்டும். அதற்கு என்ன வேண்டும் என்று நேரடியாக எழுது. இலவசமாக ஒரு கிழவனின் காலைக் கழுவ எவனும் இருக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும்.

அப்பாவிடம் பக்குவமாக நான் சொல்லிக்கொள்கிறேன். நீ எதுவும் சொல்ல வேண்டாம்.

---

ஜூலை 4

அறிவிப்பு

அனுப்புநர்: சுகாதார ஆய்வாளர் (ஓய்வு)
பெறுநர்: வீட்டின் பங்குதாரர்களில் ஒருவன், என் மகன்
பொருள்: குடியிருப்பின் கழிப்பறை பயன்படுத்தத் தகுதியற்றது, குறை நீக்கக் கோருதல்

அறிவிப்பில் நலம் விசாரிக்கும் வழக்கம் இல்லை. விசாரிக்கவில்லை.

மேற்படி கழிப்பறையை நான் தினமும் நேரில் ஆய்வு செய்துவருகிறேன். நுழைவுப் படி, இடுப்பில் தகடு வைத்த ஒருவன் கடக்கக்கூடிய உயரத்தில் இல்லை. கதவு போதிய அகலம் இல்லை. தரை வழுக்குகிறது. பயன்படுத்துபவர் துணையின்றி உள்ளே போக முடிவதில்லை. துணை இல்லாத நேரத்தில் நேர்வதை இங்கே எழுத விரும்பவில்லை. மாப்பிள்ளை எழுதியிருப்பார், எழுதியிருந்தால் அது உண்மை.

கடந்த பிப்ரவரியில் இதே கழிப்பறைக்கு நான் தேர்ச்சி வாங்கிக் கொடுத்தேன். என் பணிக்காலத்தில் எவனுக்கும் அப்படிச் செய்ததில்லை, மந்திரி வீட்டு விருந்துக்கூடமே ஆனாலும். பெற்ற பிள்ளை கேட்டான் என்று செய்தேன். அந்த அறிக்கை ரத்து.

குறையை நீக்க உன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. புதிய தாள் இணைத்திருக்கிறேன். இந்த மாதத்துக்குள் வராவிட்டால் இந்த அறிவிப்பின் நகல் உன் கிளை மேலாளருக்கும், உன் மாமனாருக்கும், உன் அடுக்குமாடியின் வாசல் பலகைக்கும் அனுப்பப்படும். முகவரிகள் என்னிடம் உள்ளன. நான் சொன்ன அபராதத்தை வசூலிக்காமல் விட்டதில்லை என்பது உனக்குத் தெரியும்.

முதியோர் இல்லம் பற்றி மாப்பிள்ளைக்கு எழுதியிருக்கிறாய். அதை அவர் எனக்குப் படித்துக் காட்டவில்லை. நானே எடுத்துப் படித்தேன். வீட்டை விற்க என் கையெழுத்தும் தேவை என்பதை முன்பணம் கொடுத்தவனிடம் சொன்னாயா? என் கைக்கு வயதாகிவிட்டது. ஆனாலும் எதில் போட வேண்டும், எதில் போடக் கூடாது என்று அதற்குத் தெரியும்.

(ஒப்பம்)
சுகாதார ஆய்வாளர் (ஓய்வு)

---

ஜூலை 29

அப்பாவுக்கு,

கையெழுத்துப் போட்ட தாள் இணைப்பில். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க நான் எங்கே போவது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்க மாட்டீர்கள். பிள்ளையை விட ஒரு வேன் டிரைவர் உங்களுக்குப் பெரிதாகிவிட்டார். இனி எனக்கு எழுத வேண்டாம். நல்லதோ கெட்டதோ, எதற்கும் கூப்பிட வேண்டாம்.

நகல்கள் எங்கும் போகக் கூடாது. முக்கியமாக மாமனாருக்கு.

---

அக்டோபர் 11

மச்சானுக்கு,

எழுத வேண்டாம் என்று நீங்கள் சொன்னது மாமாவுக்கு. எனக்கு இல்லை. நலமா என்று கேட்டு உங்களைத் தொந்தரவு செய்யப்போவதில்லை.

உங்கள் கடைசிக் கடிதத்தை மாமா படித்தார். மடித்தார். "கையெழுத்து மூணு இடத்துலயும் இருக்கா, பாருங்க" என்றார். இருந்தது. அன்று சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வலிக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

முன்பு வந்த அதே பெண்தான் மறு ஆய்வுக்கும் வந்தாள். மாமா அவளிடம், "போன தடவை பொய் சொன்னேம்மா, எழுதிக்கோ" என்றார். அவள் தலையை நிமிர்த்தாமல் எழுதினாள். மானியம் முக்கால்வாசிக்கு வந்தது. மீதியை நான் போட்டேன். இதை எழுதுவது பெருமைக்காக இல்லை. நாளை இந்த வீட்டில் உங்களுக்குப் பங்கு என்று வந்து நிற்கும்போது எந்தச் சுவரில் உங்கள் காசு இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும்.

மாமா இருக்கும்வரை விற்பனைத் தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதன் பிறகு கேளுங்கள், அப்போதும் யோசிப்பேன். எவ்வளவுக்குப் போடுவேன் என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு அது விளங்காது, விடுங்கள்.

கொத்தனார் பத்து நாள் இழுத்தார். மாமா வாக்கரோடு நின்று அவர் உயிரை வாங்கினார். "இந்தக் கம்பி ஆடுது, பிடுங்கு." "சரிவு இன்னும் மட்டமா வரணும், நான் என்ன சறுக்கியா விளையாடப் போறேன்?" கொத்தனார் என்னிடம் வந்து, "யாருய்யா இந்தப் பெரியவர், நகராட்சியா?" என்றார். ஆமாம் என்றேன்.

இன்று காலை சிமெண்டு காய்ந்துவிட்டது என்று கொத்தனார் சொல்லிவிட்டுப் போனார். மாமா எழுந்தார். நான் வழக்கம்போல் அக்குளுக்குக் கையைக் கொண்டுபோனேன். "கையை எடுங்க" என்றார். சரிவில் ஏறினார், மெதுவாக, ஏறிவிட்டார். வாக்கர் கதவுக்குள் போயிற்று. கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

நான் பழக்கத்தில் அங்கேயே நின்றேன். விழுந்தால் கதவை உடைக்க வேண்டுமே என்ற பயம். தோளைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"யாரு வெளிய?"

"நான்தான் மாமா."

"உள்ள ஆள் இருக்குன்னு தெரியுதில்ல? அங்க நின்னு என்னத்தைய்யா கேக்குறீங்க? போய் வண்டியை எடுங்க."

எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

மாப்பிள்ளை